வழி மறைக்கும் எழுத்துக் களவு!

பொருளைக் கவர்ந்தவனைக் கள்வன் என்கின்றோம். அவனைப் பிடிக்கக் காவலர் உளர். வழக்குரைக்க மன்றங்கள் உள. ஆனால், ஒருவர் பல்லாண்டுகள் கண்விழித்து ஆய்ந்தெழுதிய எழுத்தை மற்றொருவன் எடுத்துத் தன் பெயரையிட்டு, அதற்குப் பட்டமும் பெற்று, அப் பட்டத்தைக் காட்டிப் பணியும் பெற்று, அப் பணியிலிருந்து கொண்டே அடுத்த தலைமுறைக்கு ஆய்வு நெறி கற்பிக்கவும் தொடங்குவானாயின், அவனை நாம் என்னென்று அழைக்கின்றோம்? 'முனைவர்' என்றன்றோ அழைக்கின்றோம்!

இது கல்லூரிகளின் உள்வீட்டுச் செய்தி. நமக்கென்ன என்று தமிழன்பர்கள் வாளா இருந்துவிடல் ஆகாது. தமிழின் தொன்மையையும் சொல்வளத்தையும் உலகின்முன் நிலைநாட்டுவதற்கு நாம் கொண்டு செல்லும் கருவி ஆய்வு ஒன்றே. அவ் ஆய்வில் களவு கலந்துள்ளது என்று ஒரு முறை மெய்ப்பிக்கப் பெற்றால், களவாடியவன் ஒருவனே. ஆனால், ஐயத்திற்கு ஆளாவன அவனோடு ஒரே அடுக்கில் வைக்கப்பெற்ற நூறு நேர்மையான ஆய்வேடுகள். பொருளிழந்தவன் மீண்டும் ஈட்டலாம்; நம்பிக்கையிழந்த மொழியாய்வு அதனை மீட்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிறர் கருத்தை எடுத்தாளுதல் களவன்று. முன்னோர் கண்டதை ஏற்றும், மறுத்தும், விரித்தும் மேற்செல்வதே ஆய்வு. எடுத்த இடத்தைச் சொல்லாமல் மறைப்பதே களவு. குற்றம் எடுத்தலில் இல்லை, மறைத்தலில் உள்ளது. ஆங்கிலத்தில் இக் குற்றத்திற்கு வழங்கும் சொல், ஆளைக் கடத்திச் செல்வோனைக் குறித்த இலத்தீனச் சொல்லினின்று வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைப் பாவலர் மார்சியல், தம் பாடல்களைத் தன் பாடல்கள் என்று பிறர்முன் படித்துக் காட்டிய ஒருவனை அச் சொல்லாற் சுட்டினார். பாடலை அவர் பொருளாகக் கருதவில்லை, ஆளாகவே கருதினார். ஓர் ஆளைக் கடத்துவோன் முதலில் மறைப்பது, அவ் ஆள் எங்கிருந்து வந்தான் என்னும் செய்தியையே. எழுத்தைக் கடத்துவோனும் அதனையே மறைக்கின்றான்.

இவ் வுண்மையைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் எட்டுச் செய்திகளைக் கூறல் வேண்டும் என்று நன்னூல் வரையறுக்கின்றது. முதலாவது, நூலை ஆக்கியோன் பெயர். அதனையடுத்து, நூலின் பெயருக்கும் முன்பாக, இரண்டாவதாக வைக்கப் பெற்றது 'வழி' என்பது. இந் நூல் எதன் வழி வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் நூலுக்குப் பெயரே சொல்லப்பெறும்! தொல்காப்பியரோ மரபியலில் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுத்தார். மொழிபெயர்த்தது எதுவாயினும் அது வழிநூலே. அதனை முதனூல் என்று காட்டுவது பொய். அவர்தாமும் தம் நூல் நெடுகிலும் 'என்ப' என்று சொல்லிச் சொல்லித் தமக்கு முன்னிருந்த புலவர்களுக்குரிய கடனைத் தீர்த்துக் கொண்டே செல்கின்றார். அந் நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதைப் பனம்பாரனாரின் பாயிரம் நமக்குத் தெரிவிக்கின்றது. அச்சுக் காலத்திலும் அம் மரபு அறவே மறைந்துவிடவில்லை. 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், தாம் ஒப்பிட்ட ஏட்டுச் சுவடிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்பதையும் குறித்து வைத்தார்.

ஆகவே, வழி கூறுதல் மேலை நாட்டார் நமக்குக் கற்பித்த புதுவழக்கமன்று. நம்முடையதை நாம் கைவிட்டோம். இன்று பிறருடைய அளவுகோலைக் கொண்டு நம் களவை அளந்து கொண்டிருக்கின்றோம்.

இக் களவு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. சிறியோர்க்கு மட்டும் உரியதுமன்று. செருமனியின் பாதுகாப்பு அமைச்சராயிருந்த குட்டன்பெர்க்கு என்பார், அமெரிக்க, ஐரோப்பிய அரசமைப்புகளைப் பற்றி எழுதிப் பைராய்த்துப் பல்கலைக்கழகத்தில் மிக உயர்ந்த தகுதிக் குறிப்புடன் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந் நூலுக்கு மதிப்புரை எழுதப் புகுந்த சட்டப் பேராசிரியர் ஒருவர், அதில் பிறர் எழுத்துகள் பெயரின்றிக் கலந்திருப்பதைக் கண்டார். உடனே பெயரறியாப் படிப்பாளர் பலர் இணையத்தில் ஒன்றுகூடி, அவ் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் பிற நூல்களோடு ஒப்பிட்டனர். 393 பக்கங்களில் 371 பக்கங்களில் களவின் தடங்களைச் சுட்டிக் காட்டினர். பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச்சு முதல் நாள் அமைச்சர் பதவி விலகினார்.

ஈராண்டுகள் கழிந்தன. அந் நாட்டின் கல்வி அமைச்சராயிருந்த அன்னெட்டு சவான் அம்மையார் 1980ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வேட்டைத் தூசல்தோர்ப்புப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆய்ந்து, 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் பட்டத்தைப் பறித்தது. அவரும் பதவி விலகினார். அவ் ஆய்வேடு எதனைப் பற்றியது தெரியுமா? மாந்தரின் மனச்சான்றைப் பற்றியது!

அங்கேரி நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த பால் சுமித்து என்பார் கதை நாம் குறிப்பாக எண்ணிப் பார்க்கத் தக்கது. ஒலிம்பிக்கு விளையாட்டுகளைப் பற்றி 1992ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆய்வேட்டின் பெரும்பகுதி, பல்கேரிய நாட்டு அறிஞர் ஒருவர் பிரஞ்சு மொழியில் எழுதியிருந்ததன் மொழிபெயர்ப்பே என்பது 2012ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பட்டம் பறிக்கப் பெற்றது. ஏப்பிரலில் அவர் பதவி விலகினார். இருபதாண்டுகள் அக் களவு மறைந்து கிடந்தமைக்குக் கரணியம் அது வேறொரு மொழியின் ஆடையை அணிந்திருந்ததே.

நம் நாட்டிலும் 2002ஆம் ஆண்டில் குமாவூன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே இக் குற்றத்திற்கு ஆளானார். தம் பல்கலைக்கழக அறிஞரொருவரின் கட்டுரை களவாடப் பெற்றதென்று இசுட்டான்போர்டு இயற்பியலறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே மடல் எழுதினர். 2003ஆம் ஆண்டில் துணைவேந்தர் பதவி விலகினார்.

இந் நிகழ்ச்சிகளிலெல்லாம் கள்வரைக் காட்டிக் கொடுத்தவர் யார்? மதிப்புரை எழுத வந்தவரும், அதே துறையில் உழைத்தவரும், இதழாளரும், பொறுமையோடு பக்கம் புரட்டிய படிப்பாளருமே. பட்டம் வழங்கிய ஆய்வுக் குழுவினர் அல்லர்! கற்றவர் படித்தபொழுது களவு வெளிப்பட்டது. கையொப்பமிட வேண்டியவர் படியாது கையொப்பமிட்டபொழுது களவு பட்டமாகியது. இவற்றினின்று நாம் கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

இனி, நம் நாட்டில் இதற்கென வகுக்கப் பெற்ற காவலைப் பார்ப்போம். பல்கலைக்கழக நல்கைக் குழு 2018ஆம் ஆண்டில் எழுத்துக் களவுத் தடுப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி, ஓர் ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் ஒறுப்பில்லை. 10க்கு மேல் 40 வரையாயின், ஆறு திங்களுக்குள் திருத்தித் தரல் வேண்டும். 40க்கு மேல் 60 வரையாயின், ஓராண்டு வரை திருத்திய படியைத் தர இயலாது. 60க்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்பெறும். வெளியிட்ட கட்டுரையில் இவ்வாறு களவு செய்த ஆசிரியர்க்கோ, முதற்படியில் கட்டுரையைத் திரும்பப் பெறுதலும், அடுத்தடுத்த படிகளில் ஓரிரு ஆண்டுகளின் ஊதிய உயர்வு மறுப்பும், ஈராண்டோ மூவாண்டோ புதிய ஆய்வாளரை ஏற்கவியலாமையும் ஒறுப்புகளாம். 2019ஆம் ஆண்டு முதல் ஒப்புமை காணும் மென்பொருளும் பல்கலைக்கழகங்களுக்கு நடுவணரசால் வழங்கப் பெறலாயிற்று.

நெறிமுறையே இல்லாதிருந்த நிலைக்கு இது மேல்தான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், இக் காவல் தமிழாய்வைக் காக்குமா என்பதே நம் வினா. காவாது என்பதற்கு நான்கு கரணியங்களைக் காட்டுகின்றோம்.

முதலாவது, அளவுகோலே தமிழுக்குப் பொருந்தாதது. பொதுவறிவாகவோ தற்செயலாகவோ, தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்திருப்பின் அதனைக் கணக்கிற் கொள்ள வேண்டா என்று அந் நெறிமுறை கூறுகின்றது. ஆங்கிலத்தில் 14 சொற்கள் ஒரு சிறு சொற்றொடராகும். தமிழிலோ 'செல்லவேண்டியிருந்தமையால்' என்னும் ஒரு சொல்லை ஆங்கிலத்திற் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஒரு குறளுக்குச் சீர்கள் ஏழு. பதினான்கு என்பது இரண்டு குறள்களின் அளவு! இரண்டு குறள்களில் வள்ளுவர் எத்துணைக் கருத்தை அடக்கிவிடுவார் என்பதை அறிந்தவர்க்கு, இவ் வரம்பு தமிழில் எவ்வளவு பெரிய ஓட்டை என்பது விளங்கும்.

இரண்டாவது, பொறி சொல்லின் வடிவத்தைக் காணுமேயன்றிப் பொருளைக் காண்பதரிது. எழுத்தை அது சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டு, தன் தொகுப்பிலுள்ள எண்களோடு ஒப்பிடுகின்றது. தமிழில் 'என்று கூறுகிறார்' என்பதை 'எனக் கூறுகின்றார்' என்றும், 'என்றுரைப்பார்' என்றும் மாற்றிவிட்டால் அத் துண்டுகள் வேறாகிவிடும். புணர்ச்சியைப் பிரித்தாலும் சேர்த்தாலும், எழுவாயை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் அவ்வாறே. இங்குத் தமிழன்பர்கள் செவிசாய்க்க வேண்டிய செய்தியொன்றுண்டு. ஒருவர் கலப்பு நடையில் எழுதிய ஆய்வை எடுத்து, 'உதாரணம்' என்றிருந்த இடத்தில் 'எடுத்துக்காட்டு' என்றும், 'புத்தகம்' என்றிருந்த இடத்தில் 'நூல்' என்றும், 'விசயம்' என்றிருந்த இடத்தில் 'செய்தி' என்றும் மாற்றிவிட்டால், பொறியின் கண்ணுக்கு அது புத்தம்புது ஆய்வாகிவிடும். தூய தமிழ் கள்வனுக்குப் போர்வையாவதா? களவாடிய கருத்தைத் தூய தமிழில் எழுதுவதால் அது தூயதாகிவிடாது. தனித்தமிழ் நடையைக் களவு மறைக்கும் திரையாக்குவோன், எழுதிய அறிஞருக்கும் தமிழுக்கும் ஒருங்கே இரண்டகம் செய்கின்றான்.

மூன்றாவது, மொழிபெயர்ப்புக் களவு. ஆங்கிலத்திலோ செருமானியத்திலோ ஒருவர் எழுதியதைத் தமிழாக்கித் தம் பெயரில் வைத்தால், ஒருமொழிச் சொற்களை மட்டும் ஒப்பிடும் பொறி அதனைக் காணாது. தமிழில் எழுதப்பெற்ற அரிய ஆய்வை ஆங்கிலமாக்கி அயல்நாட்டிதழில் வெளியிட்டுப் பெயர் பெறுவோனையும் அது காணாது. இவ்விரண்டாவது களவே நம்மை மிகுதியும் வருத்துவது. தமிழில் எழுதிய ஏழைப் புலவரின் கண்டுபிடிப்பு, ஆங்கிலம் அறிந்தவரின் கண்டுபிடிப்பாகி உலகை வலம் வரும்; கண்டவரின் பெயரோ ஊர் எல்லையைத் தாண்டாது.

நான்காவது, ஒப்பிடுவதற்குரிய தொகுப்பே குறையுடையது. ஒருங்குறி பரவுமுன் தமிழ்க் கணினி அச்சில் பாமினி முதலாகப் பல எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிமுறையாக வழங்கின. தாளில் அச்சிட்டால் அவை தமிழாகத் தோன்றும். பொறி படித்தாலோ பொருளற்ற உரோம எழுத்துகளாகவே தெரியும். நிழற்படமாக ஏற்றப்பெற்ற பக்கங்களில் அவ் வெழுத்துகளும் இல்லை. எனவே, அக் காலத்து ஆய்வேட்டைப் பார்த்து ஒருவன் வரிக்கு வரி ஒருங்குறியில் தட்டெழுதினாலும், ஒப்புமை இல்லை என்றே சான்று கிடைக்கக் கூடும். கள்வனுக்குத் தீங்கற்ற சேமக் களஞ்சியம் அதுவே!

மறுபுறம், சங்கப் பாடல்களை ஆயும் நேர்மையான மாணவர் ஒருவர், நூற்றுக்கணக்கான அடிகளை மேற்கோளாகக் காட்டி, எடுத்த இடமும் குறித்திருப்பார். மேற்கோளைப் பொறி அடையாளங் கண்டு விலக்கத் தவறின், அவர் ஏட்டிற்கு 30 விழுக்காடு என்று முத்திரை விழும். களவாடியவனுக்கு 3 விழுக்காடு. நேர்மையாளருக்கு 30 விழுக்காடு! எண்ணை மட்டும் பார்த்து ஒப்பமிடும் அலுவலகத்தில் யார் வெல்வார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இப்பொழுது செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. கேட்ட நொடியில் எவரோடும் சொல்லொப்பாத கட்டுரையை அவை எழுதித் தருகின்றன. விழுக்காட்டையே அறமாகக் கொண்ட காவலுக்கு இனி வேலையே இல்லை.

இக் களவுக்கு வேர் எங்குள்ளது? அறிவு எண்ணால் அளக்கப்பெறும் இடத்தில் உள்ளது. இத்தனைக் கட்டுரைகள் இருந்தால் இப்பணி, இத்தனைப் பட்டங்கள் வழங்கினால் இவ்வுயர்வு என்று கணக்கிட்டால், கணக்கை நிரப்புவோரே பெருகுவர். 2016ஆம் ஆண்டு நெறிமுறையின்படி ஆய்வேடு தருமுன் கட்டுரை வெளியிடல் கட்டாயமாயிருந்தது. பணம் பெற்று எதனையும் அச்சிடும் இதழ்களுக்கு அது வாய்ப்பாயிற்று. 2022ஆம் ஆண்டில் அக் கட்டாயம் நீக்கப் பெற்றது. ஆயினும், வேலைக்கும் உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணும் பழக்கம் நீங்கவில்லை. தம்மால் உண்மையாகப் படித்துத் திருத்த இயலாத அளவு ஆய்வாளர்களை ஏற்றுக் கொண்டு, 'இவ் ஆய்வேட்டில் களவில்லை' என்று சான்று ஒப்பமிடும் நெறியாளரும் இக் குற்றத்தில் பங்குடையரே.

எனவே, தமிழகப் பல்கலைக்கழகங்களின்முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

ஒன்று: தமிழில் இதுவரை ஏற்கப்பெற்ற ஆய்வேடுகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, எவரும் தேடிப் படிக்குமாறு இணையத்தில் திறந்து வைக்க வேண்டும். பலர் கண்ணிற் படும் எழுத்தைக் களவாடுவது கடினம்.

இரண்டு: புணர்ச்சி பிரித்து, வேர்ச்சொல் கண்டு, ஒரு பொருட் பலசொல் உணர்ந்து, ஆங்கிலத்தோடும் ஒப்பிடவல்ல கருவியைத் தமிழுக்கென்றே ஆக்கல் வேண்டும். இலக்கணம் அறிந்த புலவரும் கணினி வல்லாரும் ஒன்றிருந்து செய்யின் இது முடியாததன்று. 14 சொல் வரம்பையும் தமிழின் இயல்புக்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

மூன்று: ஆய்வேட்டின் முகப்பில், நன்னூலார் வகுத்தவாறே 'வழி' என்றொரு பக்கம் இருத்தல் வேண்டும். எக் கருத்து யாரிடமிருந்து பெறப்பெற்றது, எப் பகுதி மொழிபெயர்ப்பு, எது தம் கண்டுபிடிப்பு, எவ்விடத்துப் பொறியின் துணை கொள்ளப் பெற்றது என்பவற்றை ஆய்வாளர் தம் கைப்பட எழுதி ஒப்பமிட வேண்டும்.

நான்கு: வாய்மொழித் தேர்வைச் சடங்காக்காது அதங்கோட்டாசான் அவையாக்குதல் வேண்டும். தேர்வுக்கு ஒரு திங்கள் முன்னரே ஆய்வேட்டை வெளியிட்டு, சான்றோடு குறை காட்டுவோர் எவராயினும் அவர்க்குச் செவிகொடுத்து, அவர்க்குத் தீங்கு நேராமலும் காத்தல் வேண்டும்.

ஐந்து: பொறி தரும் விழுக்காடு ஐயத்தைத் தோற்றுவிக்கும் குறிப்பாகவே கொள்ளப்பெறல் வேண்டும், தீர்ப்பாகக் கூடாது. துறை அறிந்த இருவர் படித்துப் பார்த்தே முடிவு சொல்லல் வேண்டும். களவு உறுதிப்பட்டால், சான்றளித்த நெறியாளரும் விடை கூறல் வேண்டும்.

ஆறு: மேற்கோள் காட்டும் முறையைக் கல்லூரியின் முதலாண்டிலேயே கற்பித்தல் வேண்டும். அடிக்குறிப்பு இடத் தெரியாத இளைஞனையும் அறிந்தே களவாடும் பேராசிரியனையும் ஒரே கோலால் அடித்தல் நயன்மையன்று. முன்னவனுக்குத் தேவை கல்வி. பின்னவனுக்குத் தேவை ஒறுப்பு.

இறுதியாக, நம் அன்பர்களுக்கும் ஒரு சொல். பிறரைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டட்டும். தனித்தமிழ் இதழ்களிலும் சிறு நூல்களிலும் ஒருவர் அரும்பாடுபட்டுக் கண்ட வேர்ச்சொல் விளக்கத்தை அவர் பெயரின்றி எடுத்தெழுதுவோர், 'எல்லாம் தமிழுக்காகத்தானே' என்று அமைதி கூறிக் கொள்ளலாம். தமிழுக்காகச் செய்யப்பெறும் களவும் களவே. கள்ளாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்து, பிறர் பொருளைக் கள்ள நினைத்தலையே தீதென்று கடிந்த வள்ளுவர், பொருளுக்கு ஓர் அறமும் எழுத்துக்கு ஓர் அறமும் கூறவில்லை.

மாணவர்களே! உங்கள் ஆய்வேடு சிறியதாயிருக்கலாம்; நூறு பக்கத்தில் பத்துப் பக்கமே உங்கள் கண்டுபிடிப்பாயிருக்கலாம். அப் பத்துப் பக்கம் தமிழுக்குப் போதும். எஞ்சிய தொண்ணூறும் யார் யாருடையவை என்று தலைநிமிர்ந்து எழுதுங்கள். ஆசிரியர்களே! ஒப்பமிடுமுன் படியுங்கள். படிக்க இயலாத அளவு ஆய்வேடுகளை ஏற்காதீர்கள். வழி சொல்லி எழுதுவோரை வளர்ப்போம். வழி மறைப்போரை, அவர் எத்துணைத் தூய தமிழில் எழுதினாலும், எத்துணை உயர்ந்த இருக்கையில் இருந்தாலும், கள்வர் என்றே அழைப்போம்!